கிற்றாரும் தப்பும்

கிற்றாரையே உயிராகக் கொண்ட ஒரு ராக் இசைக்குழு, முதல் இசைத்தட்டில் பெயர் பெற்றுவிட்ட பிறகு, அடுத்து வரும் தட்டுகளில் தன் ஒலியை எவ்வாறு மாற்றிக்கொள்ளும் என்பது இசை விரும்பிகள் ஓயாது பேசிக்கொள்ளும் விஷயங்களுள் ஒன்று. ஒருவர் வயலின் சேர்க்கவேண்டும் என்பார். மற்றொருவர் மின்னணுக் கருவிகளுக்குப் போகவேண்டும் என்பார். பழையபடியே இருந்தால் போதும், ஒன்றையும் தொடவேண்டாம் என்று வேண்டிக்கொள்வோர் இன்னொரு சாரார். இக்கற்பனையை இலண்டனுக்கோ சென்னைக்கோ கொண்டுபோகாமல், நம் திம்புள்ளப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலே நிறுத்திப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றிற்று. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இசைத்தட்டு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இக்காலத்தில் தட்டு என்பது பெயரளவிலேதான் இருக்கிறது. பாட்டு காற்றிலே வந்து கைத்தொலைபேசியில் இறங்கிவிடுகிறது. ஆயினும் எட்டுப் பத்துப் பாட்டுக்களை ஒரு கட்டாகக் கட்டி, அதற்கு ஒரு பெயரிட்டு வெளியிடும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. அக்கட்டினையே பழைய பழக்கத்தால் இசைத்தட்டு என்று சொல்லுகிறேன்.

முதலில் வெளியுலகத்தைச் சற்றே பார்த்துவிட்டு வருவோம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் முதல் தட்டை வெளியிட்டது 1962ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில். இரண்டு கிற்றார்கள், ஒரு மந்தரக் கிற்றார், ஒரு முரசுத் தொகுதி. இவ்வளவே அவர்களுடைய சேனை. மூன்று ஆண்டுகள் கழிந்து, 1965 டிசம்பரில் வெளியான 'ரப்பர் சோல்' என்ற தொகுப்பில், ஜோர்ஜ் ஹரிசன் ஒரு பாட்டுக்குச் சிதார் வாசித்தார். அந்தச் சிதார் அங்கே செய்த வேலை மிகச் சிறிது. கிற்றார் செய்யவேண்டிய ஓர் அலங்காரத்தைக் கிற்றாருக்குப் பதிலாகச் செய்தது. ஆனால் விஷயம் அத்துடன் நிற்கவில்லை. 1966இல் ஹரிசன் பண்டிட் ரவிசங்கரிடம் மாணாக்கராகப் போய் அமர்ந்தார். 1967இல் வெளியான 'சார்ஜன்ட் பெப்பர்' தொகுப்பில் அவர் இயற்றிய பாட்டில், மற்ற மூவரும் வாசிக்கவே இல்லை. தில்ரூபாவும் தம்பூராவும் தபலாவும்தான் அங்கே தளம். சிதாரை ஒட்டவைத்த ஒரு பாட்டிலிருந்து, இந்திய வாத்தியங்களே அத்திவாரமாகிய ஒரு பாட்டுக்கு வந்து சேர அவருக்குப் பிடித்த காலம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இம்மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது மிகவும் லௌகிகமான காரணம். மேடையில் அவர்கள் வாசிப்பதை இரசிகர்களின் கூச்சலுக்கு மேலாக அவர்களாலேயே கேட்க முடியவில்லை. 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடத்திய கச்சேரியுடன் ஊர் ஊராகச் சென்று வாசிப்பதையே விட்டுவிட்டார்கள். மேடையில் வாசித்துக் காட்டவேண்டிய கட்டாயம் ஒழிந்தது. ஆகவே மேடையில் வாசிக்க இயலாத ஒலிகளையும் அறைக்குள்ளே அமர்ந்து உண்டாக்கலாம் என்ற துணிவு பிறந்தது. கலைஞனுடைய ஒலி மாறுவதற்கு ஞானம் மட்டும் காரணமாவதில்லை. தொழில் செய்யும் நிலைமை மாறுவதும் காரணமாகும்.

மாற்றத்தை ஜனங்கள் எப்போதும் மாலையிட்டு வரவேற்பதில்லை. பாப் டிலான் 1965 ஜூலை மாதம் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது, சபையில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் ஒருவர் அவரை யூதாஸ் என்றே அழைத்தார். அண்மைக் காலத்து உதாரணம் வேண்டுமானால், இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவைச் சொல்லலாம். 1997இல் கிற்றார் இசையின் சிகரம் என்று கொண்டாடப்பட்ட ஒரு தொகுப்பை வெளியிட்டுவிட்டு, 2000ஆம் ஆண்டில் 'கிட் ஏ' என்ற தொகுப்பில் கிற்றாரைப் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். தனிப்பாட்டு ஒன்றையேனும் முன்கூட்டி விற்பனைக்கு விடவில்லை. திகைத்தவர்கள் பலர். ஆயினும் அத்தொகுப்பு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது.

இனி நம் தீவுக்கு வருவோம். கிற்றார் நமக்குப் புதிய விருந்தாளி அன்று. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற பைலா இசையோடு கரையோரத்தில் வேரூன்றிய வாத்தியம் அது. 1960களில் அந்த வேர் மேலும் பருத்தது. ஹப்புத்தளையில் 1943இல் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, அன்னஸ்லி மாலேவனவுடன் சேர்ந்து மூன்ஸ்டோன்ஸ் என்ற குழுவைக் கட்டி, சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்தார். மலைநாட்டின் குளிரிலே பிறந்த ஒருவர் தென்னிலங்கையின் காதை மாற்றினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஜிப்சீஸ் குழுவோ ஆங்கிலப் பாட்டுக்களை வாசிக்கும் குழுவாகத் தொடங்கிப் பிறகு சிங்கள பைலாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதன் பாடகர் சுனில் பெரேரா 2021இல் மறையும்வரை அந்த அடையாளம் மங்கவில்லை. தமிழிலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய துள்ளிசைப் பாட்டுக்கள், 1960களின் இறுதி தொட்டு வீட்டுக்கு வீடு ஒலித்தன. சின்ன மாமியையும் சுராங்கனியையும் அறியாத தமிழர் இத்தீவில் அரியர். அப்பாட்டுக்களில் யாழ்ப்பாணத்து வேலியும் கொழும்பு வீதியும் உண்டு. ஆனால் லயத்து முற்றம் அவற்றில் இல்லை.

லயம் என்றதும் ஒரு சிறு விநோதம் நினைவுக்கு வருகிறது. தோட்டத்திலே வரிசையாகக் கட்டிய காம்பராக்களை ஆங்கிலேயர் 'லைன்' என்றார்கள். அச்சொல் நம் ஜனங்களின் நாவிலே லயமாயிற்று. சங்கீத சாஸ்திரத்திலும் ஒரு லயம் உண்டு. காலத்தை அளந்து நடக்கும் நடை அது. இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் மலைநாட்டைப்பற்றிப் பேசுகையில் இரண்டையும் பிரிப்பது கடினமாகிவிடுகிறது.

அட்டன், கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று விரியும் திம்புள்ளப் பகுதியில், 1870களில் கோப்பிச் செடி நோயினால் பட்டுப்போன பிறகு தேயிலை வேரூன்றிற்று. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்த ஜனங்கள் கொண்டுவந்த பெட்டிப் பேழைகள் அதிகமில்லை. பாட்டும் கூத்தும் தெய்வமும் கூடவே வந்தன. அவற்றோடு தப்பும் வந்தது.

மரச் சட்டத்திலே தோலை இழுத்துக் கட்டிய வட்டமான வாத்தியம் தப்பு. ஒரு கையில் குட்டையான தடித்த குச்சி, மறு கையில் நீண்ட மெல்லிய குச்சி. முன்னது நடுவில் விழுந்து முழக்கத்தைத் தரும். பின்னது விளிம்பில் விழுந்து சடசடவென்று வெடிக்கும். தமிழ்நாட்டிலே பறை என்று வழங்குவதும் இதன் இனமே. தோட்டத்தில் இதற்கு இருந்த கடமைகள் பல. விடியுமுன்னே தப்பு முழங்கி ஆட்களை எழுப்பும். எழுந்தவர்கள் பெரட்டுக் களத்துக்கு ஓடுவார்கள். கோயில் திருவிழாவில் அதற்கு ஓர் அடி. கலியாணத்துக்கு வேறோர் அடி. சாவு வீட்டுக்குத் தனியான அடி. மாசி மாதத்திலே காமன் கூத்து நடக்கும்போது, ரதியும் மன்மதனும் ஆடுவதற்கு இன்னோர் அடி. கேட்டமாத்திரத்தில், பக்கத்துத் தோட்டத்திலே இருப்பவர்கூட, அங்கே நடப்பது யாதென்று சொல்லிவிடுவார். பத்திரிகை படிக்காத ஜனங்களுக்கு அதுவே பத்திரிகை.

காலையில் எழுப்பிய அந்தத் தப்பு யாருடைய குரலாக ஒலித்தது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அடித்தவர் தோட்டத்து மனிதர். அடிக்கச் சொன்னவர் துரை. ஆக, ஒரே வாத்தியம் அதிகாலையில் துரையின் கட்டளையாகவும், இரவிலே ஜனங்களின் கொண்டாட்டமாகவும் இருந்திருக்கிறது. இவ்வளவு முரணான சரித்திரம் கிற்றாருக்கு நம் நாட்டிலே கிடையாது.

பாட்டுக்கும் குறைவில்லை. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கையிற் பாடும் பாட்டு, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு என்று பல. இப்பகுதியிலேயே மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்து வைத்தார். அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளர் நிலைமையைப் பாட்டாக இயற்றிக் கூட்டங்களிலே பாடினார். ஜனங்கள் முன்பே அறிந்த மெட்டுக்களில் புதிய பொருளை ஏற்றிப் பாடியதே அவருடைய உத்தி. அப்பாட்டுக்கள் 1940இல் நூலாகவும் வந்தன. மேடைப் பேச்சு ஒரு காதால் நுழைந்து மறு காதால் போய்விடும். பாட்டு வீட்டுக்குப் பின்தொடர்ந்து வரும் என்பதை அந்த அம்மையார் நன்கு அறிந்திருந்தார்.

இவ்வளவையும் பின்னணியாக வைத்துக்கொண்டு, நம் கற்பனைக் குழுவை மேடையேற்றுவோம். பெயர் வேண்டாம். தலவாக்கலைக்கு அண்மையில் ஒரு தோட்டம். நான்கு இளைஞர்கள். ஒருவர் நகரத்திற் கடையொன்றில் வேலை செய்கிறார். ஒருவர் பாடசாலை ஆசிரியர். ஒருவர் கொழும்பில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒருவர் தொழிற்சாலையில் இரவு வேலைக்காரர். தேவாலயத்துப் பாடற்குழுவிலே ஒருவர் கற்ற கிற்றார் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. முதல் இசைத்தட்டு வருகிறது. அதிலே உள்ளவை காதற் பாட்டுக்கள். சினிமா மெட்டின் சாயல். மின்கிற்றாரின் கரகரத்த முழக்கம். நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதும் நான்காவதும் ஓங்கி விழும் ராக் தாளம். நன்றாகவே இருக்கிறது. திருவிழா மேடைகளுக்கு அழைப்பு வருகிறது. ஒலிபெருக்கி மலைக்கு மலை எதிரொலிக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டாவது தட்டுக்கு என்ன செய்வது?

சுலபமான வழி ஒன்று உண்டு. பாட்டின் தொடக்கத்திலே எட்டு அடி தப்பு. நடுவிலே மீண்டும் எட்டு அடி. படத்துக்குத் தேயிலைத் தோட்டம், கொழுந்துக் கூடை, மூடுபனி. மற்றதெல்லாம் பழையபடி. மண்வாசனை என்று விளம்பரத்திலே போட்டுக்கொள்ளலாம். இந்த வழி எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. இது தப்பைக் கறிவேப்பிலையாக்குவது. மணத்துக்குப் போட்டு, உண்ணும்போது ஒதுக்கிவைப்பது. 1965இல் வந்த அந்தச் சிதாரும் ஏறக்குறைய இந்த நிலையிலேதான் இருந்தது. ஹரிசனுக்குப் பெருமை சேர்த்தது, அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை என்பதே.

கடினமான வழி, தப்பிலிருந்து பாட்டைத் தொடங்குவது. அதிலே முதற் சிக்கல் தாளம். நம் கூத்தடிகளில் பல மும்மூன்றாக உருளும் திஸ்ர நடையைச் சார்ந்தவை. ராக் தாளமோ பெரும்பாலும் நான்கு நான்காக நடப்பது. உருளும் அடியின்மேல் சதுரமான தாளத்தைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். முட்டும்போது, ஒலிபெருக்கி யாருடைய பக்கத்தில் இருக்கிறதோ அவரே வெல்லுவார், தப்பு தோற்றுப்போகும். நல்ல வேளையாக, நம் தீவிலே ஏற்கெனவே ஒரு பாலம் இருக்கிறது. பைலாவும் ஆறு எண்ணிக்கையில் உருளுவதே. துள்ளிசைக்கு வழிவகுத்த அந்த நடையும் மாசி மாதத்து நடையும் தூரத்து உறவினர்போல ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளக் கூடியவை. நான்கு இளைஞரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது புதிய சுரக்கட்டு அன்று, நடக்கக் கற்றுக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது சிக்கல் இடம். மின்கிற்றாரின் கரகரத்த முழக்கம் காதின் பரப்பெல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும். தப்பின் மெல்லிய குச்சி எழுப்பும் வெடிப்பு எங்கே கேட்கவேண்டுமோ, அதே இடத்திலே முரசுத் தொகுதியின் சிறுமுரசும் கிற்றாரின் கரகரப்பும் கூடி நிற்கும். ஆகவே யாரோ ஒருவர் எழுந்து இடங்கொடுக்க வேண்டும். சிறுமுரசு எழுந்துபோகட்டும் என்பது என் தீர்ப்பு. கிற்றார் போகவேண்டியதில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டால் போதும். கரகரப்பை நீக்கி, ஆறு நரம்புகளில் இரண்டு மூன்றை ஒரே சுருதிக்கு இழுத்து வைத்தால், கிற்றாரே தம்பூராபோல ஆதாரமாக நிற்கும். குழுவின் கிற்றார்க்காரருக்கு இது மனவருத்தத்தைத் தரும் என்பதை அறிவேன். முன்வரிசையில் நின்றவரைப் பந்தலுக்குக் கால் நடச் சொல்வது போன்ற காரியம். ரேடியோஹெட் குழுவினர் செய்ததும் இதுவே.

மூன்றாவது சிக்கல் சுருதி. தப்பின் தோல் ஈரத்தைக் குடிக்கும் பொருள். நம் மலைகளிலே மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொட்டும். தோல் தொய்ந்துவிடும். தீ மூட்டி, அதன் அருகே பிடித்துச் சூடேற்றினால்தான் ஒலி எழும்பும். சற்று நேரத்தில் மீண்டும் தொய்யும், மீண்டும் தீ. ஒலிப்பதிவுக் கூடத்திலே தீ மூட்ட விடுவார்களா? பிளாஸ்டிக் தோல் போட்டுவிட்டால் இத்தொல்லை இல்லை என்று சொல்லுவார்கள். அப்படிப்பட்ட தப்புகளும் வந்துவிட்டன. அவை உரத்து ஒலிக்கும், ஒரே சுருதியில் நிற்கும். ஆனால் சூடான தோல் ஆறும்போது, முழக்கம் சிறிது சிறிதாகக் கீழே இறங்குமே, அந்த இறக்கம் அவற்றில் இல்லை. ஒரு பாட்டின் தொடக்கத்திலே இறுகியிருந்த ஒலி முடிவிலே தளர்ந்திருப்பதைக் குறையென்று ஏன் கொள்ளவேண்டும்? அதற்கேற்பக் கிற்றாரும் நரம்பை இறக்கிக்கொண்டு கூடவே போகலாம்.

இவையெல்லாம் கைத்திறனால் தீர்க்கக் கூடியவை. தீர்க்க அரிய சிக்கல் வேறொன்று. தப்பை யார் அடிப்பது?

நேயர்களே, இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தப்பு சாதியோடு கட்டப்பட்ட வாத்தியம். சாவு வீட்டிலே அடிப்பது இன்ன குடும்பத்தாரின் கடமை என்று ஊரிலிருந்தே கட்டிவந்த கட்டு, கடலைத் தாண்டியும் அவிழவில்லை. அடித்தவருக்குச் சாராயமும் சில்லறையும் கொடுத்து, வாசலுக்கு வெளியே நிறுத்திய காலம் உண்டு. ஆகவேதான் அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர், படித்து வெளியேறும்போது, முதலில் கீழே வைத்தது தப்பைத்தான். அவர்களைக் குறைகூற எனக்கு வாய் இல்லை. கலை அழிகிறதே என்று மேடையில் கண்ணீர் விடுவோர், அந்தக் கலையைச் சுமந்தவர்கள் எந்த வாசலில் நின்றார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இந்நிலையில், நம் குழுவின் கிற்றார்க்காரர் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தால் கைதட்டல் கிடைக்கும். அந்தக் கைதட்டல், முப்பது ஆண்டாகச் சாவு வீடுகளில் அடித்த முதியவருக்கு இதுவரை கிடைத்ததில்லை. அவரை அழைத்துவந்து அடிக்கச் சொன்னாலோ, பழைய கட்டையே புதிய மேடையில் மீண்டும் கட்டுவதாகும் என்று அவருடைய மகன் சொல்லக்கூடும். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டிலே இதற்கு ஒரு விடை முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் டென்மாவின் இசைப் பொறுப்பாலும் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு உருவாகி, 2018 ஜனவரியில் சென்னையிலே முதற் கச்சேரியை நடத்திற்று. வடசென்னைக் கானாவும் பறையும் மின்கிற்றாரும் ஒரே மேடையில் நின்றன. சாவு வீட்டுப் பாட்டென்று ஒதுக்கப்பட்ட கானா, அங்கே சாதியைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டது. பறை அங்கே அலங்காரமாக இருக்கவில்லை. பாட்டின் பொருளே அதுதான். அக்குழுவிற் பாடிய அறிவு என்ற இளைஞர், 2021இல் தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டினால் உலகறிந்தார். நம் நாட்டு நேயர்களுக்கு அப்பாட்டிலே தனிப்பட்ட உறவு ஒன்று உண்டு. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பியவர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கைக்குப் பின் கப்பலேறிய இலட்சக்கணக்கானோரை நினையுங்கள். கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளை, கப்பலேறாதவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறார்.

வழியைக் காட்டினார் என்றால், அதே பாதையில் அடிமேல் அடிவைத்து நடக்கவேண்டும் என்பதில்லை. சென்னையின் கோபம் வேறு, திம்புள்ளயின் கோபம் வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரஜாவுரிமை அற்றுப்போய், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் மிச்சத்தைச் சுமந்த ஒரு சமூகத்துக்கு, நான் யார் என்ற கேள்வியே முதற் கேள்வியாக இருந்து வந்திருக்கிறது. 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த பாதையிலே மலையக மக்கள் நடந்து, 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தார்கள். ஒரு சமூகம் தன் காலடி ஓசையையே கேட்க விரும்பிய தருணம் அது.

ஆகவே என் கற்பனையிலே இரண்டாவது தட்டு இவ்வாறு அமைகிறது. முதியவர் ஒருவர், அவருடைய சம்மதத்தோடும் அவர் கேட்கும் ஊதியத்தோடும், குழுவின் ஐந்தாவது உறுப்பினராகிறார். விருந்தாளியாக அன்று. தட்டின் உறையிலே அவருடைய பெயர் மற்ற நால்வரின் பெயர்களுக்குச் சமமான எழுத்தில் அச்சாகிறது. அடிகளுக்கு உரியவர் இன்னார் என்று எழுதப்படுகிறது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆயினும் சட்டம் எழுதுவதைவிட உறையில் எழுதுவது எளிது; அதை முதலிற் செய்யலாம். சாவு அடியை அத்தட்டிலே சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். வேண்டாம் என்றால், வேண்டாம். எத்தனை அழகான அடியாக இருந்தாலும் சரியே.

பழைய இரசிகர்கள் என்ன சொல்லுவார்கள்? முதல் தட்டின் காதற் பாட்டையே பாடும்படி திருவிழா மேடைக்குக் கீழே நின்று கேட்பார்கள். பாடிவிட வேண்டியதுதான். டிலானைப்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வசதி, தேர்த் திருவிழா வருமானத்தை நம்பியிருக்கும் குழுவுக்கு இல்லை. இரண்டு பழைய பாட்டு, ஒரு புதிய பாட்டு என்று கலந்து கொடுத்தால், மூன்றாம் ஆண்டிலே கணக்கு தலைகீழாக மாறியிருக்கக் காணலாம்.

மூன்றாவது தட்டைப்பற்றி நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையான ஆவல் உண்டாகிறது. அதிலே ஒப்பாரி வரவேண்டும். ஒப்பாரி, கட்டை வைத்த கிற்றாரில் அகப்படாத பாட்டு. அது ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்குப் படியேறிப் போவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் நரம்பின்மேல் உலோகக் குழலையோ கண்ணாடிக் குழலையோ தேய்த்து வாசிக்கும் முறை ஒன்று உண்டு. விஷ்வ மோகன் பட் அம்முறையினால் கிற்றாரை இந்துஸ்தானி சங்கீதத்துக்கு ஏற்ப மாற்றியமைத்து, அமெரிக்கரான ரை கூடருடன் சேர்ந்து வாசித்த தட்டுக்காக 1994இல் கிராமி விருது பெற்றார். அழும் குரலுக்கு அருகிலே போகக்கூடிய கிற்றார் அது. ஒப்பாரி பாடும் தாய்மாருக்கு அருகே, அவர்களை மீறாமல், ஒரு மூச்சு தாமதித்துப் பின்தொடரக் கிற்றார்க்காரர் கற்றுக்கொண்டால், முதல் தட்டிலே முழங்கியவர் இவர்தானா என்று கேட்பவர் வியப்பர்.

தொழிற்சாலையின் ஒலியும் வரவேண்டும். நால்வரில் ஒருவர் இரவு வேலைக்காரர் என்று சொன்னேன் அல்லவா? கொழுந்தை வாட்டும் விசிறிகளின் ஓயாத இரைச்சல் ஒரு நீண்ட சுருதி. அரைக்கும் இயந்திரம் வட்டமிட்டுச் சுழன்று சுழன்று வருவது ஒரு தாளம். இரவு முழுவதும் அந்தத் தாளத்துக்குள் நின்று வேலை செய்பவர், தம்மை அறியாமலே அதற்கு எதிர்த்தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அதை எழுத்தில் பிடிக்க இயலாது, ஒலிப்பதிவிலே பிடிக்கலாம். விடியலிலே ஆட்களை எழுப்பிய தப்பும், இரவிலே ஆட்களை விழித்திருக்கச் செய்த இயந்திரமும் ஒரே பாட்டிலே சந்திக்கட்டும். அங்கே கிற்றார் மிகக் குறைவாகவே கேட்கும். சில பாட்டுக்களில் கேட்காமலே போகலாம். அப்போது அதைக் கிற்றார்க் குழு என்று சொல்லுவதா என்று இரசிகர்கள் சண்டையிடுவார்கள். சண்டையிடட்டும், குழு உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

இனி ஒலிப்பதிவுக்குக் காலம் பார்க்கவேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளயிலே வறண்ட குளிர்காற்று வீசும். தேயிலைக்கு மணம் ஏறும் பருவம் என்று வியாபாரிகள் காத்திருக்கும் காலம் அதுவே. தோலும் இறுகியிருக்கும், தீயின் தேவை குறைவு. ஆனால் மாசி மாதம் வருவதும் அக்காலத்தில்தான். காமன் கூத்து நடக்கும் நாட்களிலே தப்புக்காரர் இரவெல்லாம் கூத்துக் களத்தில் நிற்பார். கொழும்பிலே வாடகைக்கு எடுத்த கூடத்துக்கு அவரால் வர இயலாது. ஆகவே ஒலிவாங்கிகளையும் பெட்டிகளையும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு, குழுதான் அவரிடம் போகவேண்டியிருக்கும். மின்சாரத்துக்குக் கோயிலடியிலிருந்து கம்பி இழுக்கலாம். மழை பெய்யாது என்று நம்பலாம்.